பேச்சுப்போட்டி நடத்தும் பள்ளிகளுக்கும், உரை எழுதிக் கொடுக்கும் ஆசிரியர்களுக்கும்

வணக்கம்.

போன குடியரசு தினத்துக்கு முந்தின வாரம் ஒரு பள்ளியில் பேச்சுப்போட்டிக்கு நடுவராக உட்கார்ந்திருந்தேன். பதினொரு பிள்ளைகள் பேசினார்கள். நான்கு பேர், 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் இறந்த இளம் டாங்கிப் படை அதிகாரி அருண் கேத்தர்பாலைப் பற்றி. நான்கு உரையிலும் அவர் தன்னந்தனியாகப் பத்து டாங்கிகளை நொறுக்கினார். நான்கிலும் "பாரதத் தாயே, என் உயிரை ஏற்றுக்கொள்" என்று செந்தமிழில் முழங்கிவிட்டுச் சாய்ந்தார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன், பிள்ளைகளுக்காக. பிள்ளைகள் மேல் குறையில்லை, எழுதிக் கொடுத்ததைத்தான் பேசினார்கள். அதனால்தான் இந்தக் கடிதம் உங்களுக்கு.

முதலில் கணக்கு. 1971 டிசம்பர் 16 அன்று பஸந்தர் ஆற்றுக்கு அப்பால், ஜர்பால் பகுதியில் நடந்த அந்த டாங்கிச் சண்டையில் பத்து எதிரி டாங்கிகள் அழிந்தன. அதில் கேத்தர்பால் அழித்தவை நான்கு. போர் வீரத்துக்கு நாடு தரும் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா அவருக்குக் கிடைத்தது, அந்த விருதுக் குறிப்பே அப்படித்தான் சொல்கிறது. நான்கு என்றால் குறைந்து போய்விடுமா என்ன? அவருக்கு அப்போது இருபத்தொரு வயது. பதினேழாவது பூனா ஹார்ஸ் படையில் செகண்ட் லெப்டினன்டாகச் சேர்ந்து ஆறே மாதம் ஆகியிருந்தது. போருக்குக் கிளம்பும்போது கோல்ஃப் மட்டைகளையும் விருந்துக்குப் போடுகிற சீருடையையும் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டாராம். லாகூரில் கோல்ஃப் ஆட வேண்டும், வெற்றி விருந்துக்கும் உடுப்பு வேண்டுமே என்று. இதை ஏன் ஒரு பிள்ளையும் பேசவில்லை? மேடையில் நிற்கும் பதினைந்து வயதுக்காரனுக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும் இடம் இதுதானே.

அடுத்தது அந்தக் கடைசி வாக்கியம். அதை நீங்கள் ரொம்பவே கெடுத்துவிட்டீர்கள். கன்னிவெடிகளை அகற்றும் வேலை முடியும் முன்பே பூனா ஹார்ஸின் டாங்கிகள் வெடிவயலைக் கடந்து போயின. மறுநாள் காலை எதிரி டாங்கிகள் திரண்டு வந்தபோது அந்த இடத்தில் எதிர்த்து நின்றவை மூன்று. கேப்டன் மல்ஹோத்ராவுடையது ஒன்று, லெப்டினன்ட் அஹ்லாவத்துடையது ஒன்று, மூன்றாவது ஃபமகுஸ்தா என்று பெயர் வைத்த கேத்தர்பாலின் டாங்கி. (சைப்ரஸில் உள்ள ஒரு துறைமுக நகரத்தின் பெயர் அது.) அஹ்லாவத்தின் டாங்கி அடிபட்டது. மல்ஹோத்ராவின் பீரங்கி பழுதாகி நின்றுவிட்டது. ஃபமகுஸ்தாவும் தீப்பற்றிக்கொள்ள, விட்டுவிட்டு வெளியே வா என்று வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தது. அதற்கு அவர் சொன்ன பதிலின் சாரம் இவ்வளவுதான்: டாங்கியை விட்டு வரமாட்டேன், என் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது. கூடவே எதிரியைத் திட்டி ஒரு கெட்ட வார்த்தை. அதைப் பள்ளி மேடையில் சொல்ல முடியாது, சரி. ஆனால் பீரங்கியைப் பற்றிய வரியை ஏன் வெட்டினீர்கள்? மூன்றில் ஒன்றுதான் இன்னும் சுடுகிறது, அது என்னுடையது, நான் போய்விட்டால் இங்கே சுட எதுவுமில்லை என்பதுதானே அதற்கு அர்த்தம். எரிகிற இரும்புக்குள் உட்கார்ந்துகொண்டு ஒருவன் நிலவரத்தைச் சரியாக எடை போட்டிருக்கிறான். அதைப் போய் முழக்கமாக்கிவிட்டால், சாகத் துடித்த பையனாகத்தான் தெரிவான். லாகூரில் கோல்ஃப் ஆட நினைத்தவனுக்குச் சாகிற எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை.

"தன்னந்தனியாக" என்ற சொல்லையும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். அது செஞ்சூரியன் ரக டாங்கி, உள்ளே நான்கு பேர். ஓட்டுநர் பிரயாக் சிங், பீரங்கி சுடும் நத்து சிங், வயர்லெஸ் பார்க்கும் நந்த் சிங், அப்புறம் கேத்தர்பால். நந்த் சிங்கும் அன்றைக்கே இறந்துபோனார். அவர் பெயரை எந்தப் பேச்சுப்போட்டியிலும் நான் கேட்டதில்லை. நீங்கள் தமிழ் ஆசிரியர்கள், நடுகல் பாடம் நடத்துகிறவர்கள். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கும் சண்டையில் செத்த கருந்தேவக்கத்திக்கு எடுத்த கல். பக்கத்தில் அவனுடைய நாயும் உண்டு. அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் அந்தக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். நாயின் பெயரைக்கூட விடாத ஊர் இது. நந்த் சிங்குக்கு மூன்று நிமிட உரையில் ஒரு வரி கிடையாதா?

இன்னொன்று, இதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது. போட்டி முடிந்ததும் ஒரு மாணவி வந்து, "சார், நான் எழுதின கடைசிப் பகுதியை மிஸ் எடுத்துட்டாங்க" என்றாள். என்ன பகுதி என்று கேட்டேன். அப்பாவைப் பற்றியதாம். கேத்தர்பாலின் அப்பா பிரிகேடியர் எம்.எல். கேத்தர்பால் 2001இல், எண்பத்தொரு வயதில், தான் பிறந்த சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். லாகூரில் அவரை வீட்டில் தங்கவைத்து விழுந்து விழுந்து கவனித்தவர் பாகிஸ்தான் ராணுவத்தின் பிரிகேடியர் நாசர். ஊர் திரும்பும் நேரம் நெருங்கியபோது நாசர் ஒன்றைச் சொன்னார். 1971 போரில் அவர் பாகிஸ்தானின் பதின்மூன்றாவது லான்ஸர்ஸ் டாங்கிப் படையில் மேஜர். உங்கள் மகன் என் கையால்தான் இறந்தான் என்றார். அவனுடைய வீரத்தையும் அப்பாவிடமே சொல்லி மெச்சினார். பெரியவர் அதைக் கேட்டுக்கொண்டார், விடைபெற்று ஊர் திரும்பினார்.

"எதிரி நாட்டுக்காரனைப் பற்றி நம் மேடையில் எதற்கு" என்று அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்களாம். அந்த ஆசிரியரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. மேலே யாராவது கேள்வி கேட்பார்களோ என்ற பயமாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், எதிரே நின்று சண்டை போட்டவரே வந்து சொல்லும் சாட்சியைவிடப் பெரிய சாட்சி அந்தப் பையனுக்கு வேறு என்ன இருக்கிறது?

நினைவுச் சின்னங்களுக்குக் குறைவில்லை. தேசியப் பாதுகாப்பு அகாடமியில் அணிவகுப்பு மைதானத்துக்கு அவர் பெயர். 2023இல் அந்தமானில் ஒரு தீவுக்கும் அவர் பெயர் வைத்தார்கள். அவர் இறந்த அதே நாள் பிற்பகலில்தான் டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணடைவு ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர் சண்டையிட்ட மேற்கு எல்லையிலும் மறுநாளே போர் நின்றது. மகன் இல்லை என்ற செய்தி வீட்டுக்குத் தெரிந்தது டிசம்பர் 26 அன்று. நடுவில் பத்து நாள், போர் முடிந்தது, பிள்ளை வருவான் என்று ஒரு வீடு காத்திருந்திருக்கிறது. இதையும் ஒரு பிள்ளை பேசட்டுமே, கத்தாமல், சாதாரணக் குரலில்.

மூன்று நிமிடம் போதாது என்பீர்கள். ஐந்தாக்குங்கள். அடுத்த முறையும் நடுவராக வர நான் தயார். மணி அடிக்கிற வேலையை மட்டும் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் போட்டி நடுவர்களில் ஒருவன்