ரேம்பும் கழிப்பறையும்: சங்கக் கட்டடத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

2025 ஜனவரிப் பொதுக்குழு இந்தக் குழுவிடம் ஒப்படைத்த வேலை முடிந்தது. தில்லி லோதி காலனியில் உள்ள நம் சங்கக் கட்டடத்துக்குச் சக்கர நாற்காலியில் வருகிறவர், யாரும் தூக்கிவிடாமலே, வாசலிலிருந்து கூடம், சாப்பாட்டு அறை, கழிப்பறை வரை போய்வரலாம். செப்டம்பர் 27 முதல் அக்டோபர் 5 வரை ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் நடந்த உலகப் பாரா (மாற்றுத்திறனாளர்) தடகளப் போட்டியைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே தங்கின. நாள் குறித்துக் கொடுத்தது அந்தப் போட்டி. ஆனால் கழற்றி எடுத்துப்போகிற பலகை ரேம்பு (சாய்தளம்), வாடகைக் கழிப்பறை எதுவும் வேண்டாம், கட்டுவது நிலைக்கவேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே முடிவுசெய்தோம்.

தில்லியின் அனுபவம் அப்படி. 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய மேம்பாலங்களில் இன்றும் போகிறோம். 2010 காமன்வெல்த் போட்டிக்கோ, தொடக்க விழாவுக்கு 12 நாள் முன்பு, செப்டம்பர் 21-ல், இதே அரங்கத்தின் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் இடிந்து தொழிலாளர்கள் காயப்பட்டார்கள். 2010-லும் இந்த முறையும் போட்டி வெயிலும் பனியும் இல்லாத அக்டோபரை ஒட்டியே வந்தது. அதனால் பூச்சு, தார், டைல்ஸ் என்று கடைசி வேலைகள் எல்லாம் மழைக்குள் மாட்டிக்கொள்கின்றன. இந்த முறையும் செப்டம்பர் முதல் வாரத்தில் யமுனை அபாய அளவான 205.33 மீட்டரைத் தாண்டி ஓடியது. மழைக்குப் பின் பார்க்கலாம் என்றால் குளிர்காலத்தில் காற்று மாசு கூடும்போது கட்டுமானத்துக்கே தடை வந்துவிடும். ஆகவே கான்கிரீட் வேலையை ஏப்ரல், மே மாதங்களில் முடித்தோம்.

அரங்கத்துக்குள் நடந்தது பெரிய வேலை. மாண்டோ என்ற நிறுவனத்தின் புதிய ஓடுதளம் வந்தது. இது ஊற்றி உறையவைக்கிற பூச்சு இல்லை. சுருளாக வரும் ரப்பரைப் பசைபோட்டு ஒட்டுவது. அடித்தளம் ஈரமாக இருந்தால் பசை பிடிக்காது, மேடுபள்ளம் இருந்தால் நீர் தேங்கும். உட்கார்ந்தபடி குண்டு, ஈட்டி எறிகிற வீரர்களின் நாற்காலி மெத்தையோடு சேர்த்து 75 செ.மீ. உயரத்தைத் தாண்டக்கூடாது, அதை அசையாமல் இழுத்துக்கட்டத் தரையில் பிடிமானம் வேண்டும். இவ்வளவும் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் சாலையிலிருந்து தங்குமிடத்தின் வாசல் வரை உள்ள தூரத்துக்கு அப்படிப் பொறுப்பேற்பவர் குறைவு. ஒரு அங்குல வாசற்படி போதும், அத்தனை ஏற்பாடும் அங்கே நின்றுவிடும். நம் திருப்பணி அந்தத் தூரத்தைப் பற்றியது.

நம் கூடத்தின் தரை முற்றத்தைவிட 900 மி.மீ. உயரம், 150 மி.மீ. படிகள் ஆறு. ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் ரேம்புக்கு 10.8 மீட்டர் வேண்டும். 1-க்கு 8 வைத்தால் 7.2 மீட்டரில் முடியும், முற்றம் மிஞ்சும் என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். அந்தச் சரிவில் நாற்காலியைத் தானே தள்ளுகிறவரின் தோள் தாங்காது, பின்பக்கம் கவிழும். ஊன்றுகோல்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவது ஆபத்து. ஆகவே விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே மூச்சில் 9 மீட்டருக்கு மேல் ஏற்றக்கூடாது, வேப்பமரத்தையும் வெட்டக்கூடாது என்பதால் 'ட' வடிவில் 5.4 மீட்டராக இரண்டு பகுதி, திருப்பத்தில் ஒன்றரை மீட்டர் சதுரத்தில் சமதளம். அகலம் 1.2 மீட்டர். ஓரத்தில் சக்கரம் நழுவாமல் 100 மி.மீ. மேடு.

முதலில் ரேம்பின் உள்ளே நிரப்பியது இடித்த சுவரின் மல்பா (இடிபாடு). அதைத் தோண்டி எடுக்கச் சொன்னோம். செங்கல் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் முதல் மழையிலேயே அமுங்கி, மேலே உள்ள பலகம் விரிசல் விடும். மண்ணை 150 மி.மீ. அடுக்குகளாகப் போட்டு, நீர் தெளித்து, இடித்து இறுக்கி, அதன்மேல் சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவையில் 100 மி.மீ. கான்கிரீட். மணல் பதர்பூர் என்னும் பருமணல் ரகம். நைசான மணலைக் கலவையில் சேர்க்கவிடவில்லை. மே வெயிலுக்காக அதிகாலையில் ஊற்றி, நனைத்த சாக்குகளைப் பத்து நாள் மூடிவைத்தோம். மேற்பரப்பை ஈரத்திலேயே துடைப்பத்தால் குறுக்காக இழுத்துச் சொரசொரப்பாக்கியிருக்கிறோம். பளபளக்கும் கிரானைட் நன்கொடையாகத் தர ஓர் உறுப்பினர் முன்வந்தார். அந்த அன்புக்கு நன்றி. நனைந்த கிரானைட்டில் கால் நிற்காது என்பதால் அந்தத் தொகையைக் கைப்பிடிக்கு மாற்றித் தரக் கேட்டோம், மனமுவந்து மாற்றினார்.

ஜூனில் ரேம்பு கட்டடத்தோடு சேரும் இடத்தில் மெல்லிய விரிசல் கண்டது. கட்டடம் பழையது, இனி அமுங்காது. ரேம்பு புதியது, கொஞ்சம் அமுங்கும். இரண்டையும் ஒட்டி ஊற்றியது எங்கள் கவனக்குறைவு. 12 மி.மீ. இடைவெளி வெட்டி ரப்பர் போன்ற சீலன்ட் நிரப்பினோம். அதன்பின் விரிசல் வளரவில்லை.

கைப்பிடி இருபுறமும், 700 மி.மீ., 900 மி.மீ. என இரண்டு உயரங்களில், 40 மி.மீ. குழாய், சரிவு தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் 300 மி.மீ. நீட்டம். கண் தெரியாதவருக்குச் சரிவு வருகிறது என்று சொல்வது அந்த நீட்டம்தான்.

ஆகஸ்டில் எதிர்பாராத சிக்கல் ஒன்று வந்தது. போட்டிக்காக எங்கள் தெருவைப் புதுப்பித்தவர்கள் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய தார் போட்டதில் சாலை 50 மி.மீ. உயர்ந்து, மழைநீர் முற்றத்துக்குள் திரும்பியது. ரேம்பின் அடியில் குளம். வாசலில் குறுக்கு வடிகால் வெட்டி இரும்புச் சல்லடை பதித்தோம். முதலில் வந்த சல்லடையின் கம்பிகள் நடக்கும் திசையிலேயே, 25 மி.மீ. இடைவெளியோடு இருந்தன, சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரம் அதில் இறங்கிச் சிக்கியது. இடைவெளி 12 மி.மீ., கம்பிகள் குறுக்கே என்று மாற்றி வாங்கினோம்.

கழிப்பறைதான் அதிகச் செலவு. இரண்டு சிறிய கழிப்பறைகளின் நடுச்சுவரை எடுத்து 2.2க்கு 2 மீட்டர் அறையாக்கினோம். உள்ளே நாற்காலி சுற்றித் திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் கிடைக்கிறது. கதவின் தெளிவான அகலம் 900 மி.மீ., வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே திறக்கும் கதவு, ஒருவர் விழுந்துவிட்டால் அவர் உடம்பிலேயே முட்டி நின்றுவிடும். இருக்கை உயரம் 460 மி.மீ. பக்கவாட்டுப் பிடியை மேஸ்திரி சாதாரண பிளக் போட்டு முடுக்கியிருந்தார்; நாலரை அங்குலச் சுவர் ஆளின் முழு எடையைத் தாங்காது, இழுத்துப் பார்த்தபோது ஆடியது. சுவரின் மறுபக்கம் இரும்புத்தகடு வைத்து ஊடுருவும் போல்ட்டால் பூட்டினோம். இழுத்தால் மணி அடிக்கும் கயிறு தரையிலிருந்து 300 மி.மீ. வரை தொங்குகிறது. யாரும் அதைச் சுருட்டிக் கட்டவேண்டாம்.

கண் தெரியாதவர் தொட்டு வழி அறியும் மஞ்சள் தொடுதரை ஓடுகளில் கோடு போட்டது வழி, புள்ளி போட்டது எச்சரிக்கை. அதன்மேல்தான் செருப்பு விடுகிறோம்! செருப்பு அலமாரியை இடதுபுறம் மாற்றியிருக்கிறோம். வாசல் கோலத்தையும் ரேம்பின் பாதையிலிருந்து விலக்கிப் போடுமாறு அன்போடு வேண்டுகிறோம்; கோலமாவு வழுக்கும்.

போட்டியின்போது நவராத்திரியும் சேர்ந்தது. கொலுவை ஏழு படியிலிருந்து ஐந்தாகக் குறைத்து, கூடத்தில் 1.2 மீட்டர் வழி விட்டோம். அக்டோபர் 3-ல் அரங்கப் பயிற்சித் திடலில் வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் இருவரைத் தெருநாய் கடித்தது. எச்சில் இலையைத் திறந்த தொட்டியில் போட்டால் நாய்கள் கூடும் என்பதால் நம் சமையலறைக்கு மூடிவைத்த தொட்டிகள் வந்துவிட்டன.

செலவு: ரேம்பு, கைப்பிடி 3.80 லட்சம், கழிப்பறை 4.65, ஓடுகள், கதவுகள் 1.40, முற்றம், வடிகால் 1.75, மின்வேலை 0.75. மொத்தம் 12.35 லட்ச ரூபாய். ஒப்புதல் பெற்றது 11.50 லட்சம். கூடுதலான 0.85 லட்சத்துக்கு எதிர்பாராத வடிகாலும் இரண்டாவது சல்லடையும் காரணம். அதற்குப் பொதுக்குழுவின் பின்னொப்புதல் கோருகிறோம்.

மாடி நூலகத்துக்கு இன்னும் வழியில்லை. லிஃப்ட் வரும்வரை, கேட்கும் புத்தகத்தைக் கீழே எடுத்துத்தர ஆள் நியமிக்கவேண்டும். ரேம்பின் இரண்டாம் பகுதிக்கு நிழல் இல்லை, மே மாதத்தில் கைப்பிடி கை பொறுக்காது; ஏப்ரலுக்குள் கூரை போடவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிடிகளின் போல்ட்டை முடுக்கவும். புதிய கழிப்பறைக்கு வெளிப்பூட்டு கிடையாது. அங்கே கொலுப் பெட்டிகளையோ நாற்காலிகளையோ அடுக்கக்கூடாது.

ரசீதுகளும் அளவுப் புத்தகமும் ஞாயிறு காலை 10 முதல் 12 வரை அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும்.

திருப்பணிக் குழு