வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் கில்ஃபோர்டில் கூடும் நம் தமிழ் வாசகர் வட்டத்தின் சென்ற ஆண்டுச் செயல்பாடுகளை முன்வைக்கிறேன். பொங்கல் விழாவும் சிறுவர் நூல் பரிமாற்றமும் வழக்கம்போல் நடைபெற்றன. மாதக் கூட்டங்கள் 10 நடந்தன.

அவற்றுள் 6 கூட்டங்களை ஆங்கில நாவலாசிரியையும் கவிஞருமான சார்லட் ஸ்மித்துக்கு ஒதுக்கியது குறித்துச் சிலர் வருத்தம் தெரிவித்ததால், அதன் காரணத்தைப் பதிவு செய்வது என் கடமையாகிறது. 1806 அக்டோபரில் டில்ஃபோர்டில் மறைந்த அவர் அடக்கமாகியிருப்பது நம் ஊரின் ஸ்டோக் தேவாலயத்தில். நம்மில் பலர் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போய் வருகிறோம். 15 வயதில் மணமுடித்து வைக்கப்பட்டு 12 பிள்ளைகளைப் பெற்ற அவர், கடன்பட்ட கணவர் கிங்ஸ் பெஞ்ச் சிறையில் இருந்தபோது தாமும் உடன் தங்கியிருந்த நாட்களில், 1784இல், சொந்தச் செலவில் தம் சானட்களை, அதாவது பதினான்கு அடிக் கவிதைகளை, அச்சிட்டார். 1787இல் கணவரைப் பிரிந்தபின், பிள்ளைகளைக் காப்பாற்ற 'எம்மலின்' தொடங்கி 10 நாவல்கள் எழுதினார். மாமனார் 1776இல் விட்டுச்சென்ற சொத்தின் வழக்கு சான்சரி நீதிமன்றத்தில் இழுபட்டு, அவர் இறந்து 7 ஆண்டு கழித்து 1813இல்தான் முடிந்தது. அச்சொத்தில் பார்படோஸ் அடிமைகளின் உழைப்பும் கலந்திருந்ததை நாங்கள் பேசாமல் விடவில்லை. ஆங்கிலக் கவிதை இவருக்குப் பட்டிருக்கும் கடன் ஒப்புக்கொள்ளப்படவோ நினைவில் நிற்கவோ போவதில்லை என்று ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தே வருந்தி எழுதினார். அவ்வருத்தம் இன்றும் மெய்யாகவே இருக்கிறது.

நவம்பர் கூட்டத்துக்கு வந்தவர்கள் 4 பேர். சசெக்ஸின் மிடில்டன் கல்லறைத் தோட்டத்தைக் கடல் அரித்து, எலும்புகள் சிப்பியோடும் பாசியோடும் கரையில் வெளுத்துக் கிடப்பதைப் பாடும் சானட்டை நான் தமிழில் ஆக்கி வாசித்தேன். 'ஓயாத அலை' என்று எழுதியிருந்தேன். மூத்த உறுப்பினர் ஒருவர், "ஓயாத அலை என்று யாரும் சொல்லலாம், தம்பி, இந்த அம்மா அலை திரும்பத் திரும்ப வந்து தொடுவதையல்லவா சொல்கிறார்" என்றார். அரைமணி நேரம் பேசி, 'அடுத்தடுத்து வரும் அலை' என்று மாற்றினோம். அன்று வராதவர்கள் இழந்தது இதைத்தான் என்று மனத்தாங்கலுடன் தெரிவிக்கிறேன்.

பொருளாளர் அளித்த கணக்கின்படி வரவும் செலவும் ஏறத்தாழச் சரியாக உள்ளன, கையிருப்பு சொற்பம். எனினும், 18 உறுப்பினர்களில் 7 பேரின் சந்தா இரண்டாண்டாக நிலுவையில் இருப்பதால், கடைசி மூன்று மாத அரங்க வாடகையை நானே முன்பணமாகக் கட்ட நேர்ந்தது. 1789இல் சார்லட் ஸ்மித்தின் சானட் நூலின் ஐந்தாம் பதிப்பு 800க்கும் மேற்பட்டோர் முன்வந்து செலுத்திய சந்தாவினால் வெளிவந்தது என்பதை நிலுவை வைத்திருப்போர் கனிவுடன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், தேநீர்ப் பொறுப்பேற்ற சகோதரிகளுக்கும் நன்றி.

வரும் ஆண்டில், சார்லட் ஸ்மித் மறைந்தபின் 1807இல் வெளியான 'பீச்சி ஹெட்' நெடுங்கவிதையை வாசிக்கவும், மொழிபெயர்த்த 9 சானட்களைச் சிறுநூலாக அச்சிடவும் எண்ணியுள்ளேன். சித்திரைக்குள் நிலுவை வந்து சேர்ந்தால்தான் அச்சகத்தாரிடம் பேச இயலும். இப்பொறுப்பை வேறொருவர் ஏற்க விரும்பினால், கோப்புகளையும் கையெழுத்துப் படிகளையும் மனமுவந்து ஒப்படைப்பேன். அவர் அந்தச் சானட்களை மட்டும் கைவிடாதிருக்க வேண்டும்.

இங்ஙனம்,
செயலாளர்