கார் பார்க்க வரும் தம்பிகளுக்கு

தம்பிகளே,

போன ஞாயிற்றுக்கிழமை மட்டும், நான் விற்கப்போகும் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ காரைப் பார்க்க நான்கு பேர் சேலம் கோரிமேட்டுக்கு வந்தீர்கள். நால்வரும் வந்தவுடன் கேட்டது, "அண்ணா, மலைக்கு ஒரு ரவுண்டு போகலாமா?" ஆர்சி புக்கை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மலைக்கு வர மாட்டேன். ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஞாயிறென்றால் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்துதான் ஏற வேண்டும். இந்த வண்டியில் இருப்பது டிஎஸ்ஜி என்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்; ஆயிலில் நனையாத டிரை கிளட்ச் கொண்ட அதற்கு அந்த ஊர்தல் ஆகவே ஆகாது. இழுவை பார்க்க ஓமலூர் ரோடு போதும். லைசென்ஸைக் காட்டினால் நீங்களே ஓட்டலாம்.

அப்புறம், பலருக்குக் கசக்கிற விஷயம். ஐந்து வருடம் இந்த வண்டி ரீமேப்பும் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டுவது) டவுன்பைப்புமாக (டர்போவை ஒட்டி வேறு புகைக்குழாய் போடுவது) ஓடியது. கம்பெனி கொடுத்த 105 குதிரைத்திறன் எனக்குப் போதவில்லை. விற்பதென்று முடிவானதும் இரண்டையும் எடுத்துவிட்டுப் பழையபடி மாற்றினேன். "அப்போ இது வெறும் போலோதானேண்ணா" என்று ஒரு தம்பி முகம் சுருங்கிப்போனான். ஆமாம், வெறும் போலோதான். தயாரிப்பாளர் கொடுத்ததை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. தெரிந்தே அந்த வம்பை உங்கள் தலையில் கட்ட எனக்கு மனசில்லை. கோவை செட்டிப்பாளையம் ரேஸ் ட்ராக்கில் ஓட்டுகிறவர் யாராவது கேட்டால் அந்த டவுன்பைப்பைத் தருகிறேன்.

எடுத்துவிட்டதால் ஒன்றுமே நடக்காத மாதிரி பேசவும் மாட்டேன். 175 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவை) கொடுக்கும் இன்ஜினை, கியர்பாக்ஸ் தாங்கும் 250-ஐ நோக்கித் தள்ளி ஓட்டியவன் நான். ஓடிய கிலோமீட்டருக்கு மீறி கிளட்ச் தேய்ந்திருக்கும். அதைக் கழித்துத்தான் விலை சொல்லியிருக்கிறேன். ரீமேப்புக்குப் போட்ட காசைச் சேர்க்கவில்லை. அதை நான் ஓட்டியே தீர்த்துவிட்டேன்.

"பேர் மாத்துறதை அப்புறம் பார்த்துக்கலாம்ணா" என்கிறவர்கள் மட்டும் தயவுசெய்து வராதீர்கள். முன்பு ஒரு பைக்கை அப்படிக் கொடுத்தேன். ஒன்றரை வருடம் கழித்து, நான் போகாத ஊரில் நடந்த விபத்துக்கு என் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. ஆர்சியில் யார் பெயரோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. விற்றவன் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். நான் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டேன். பணம் கைமாறும் அன்றே, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து. ஆர்டிஓ ஆபீசுக்கு நானும் கூட வருவேன். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வருகிறவர்கள் காலை ஏழு மணிக்கு வாருங்கள். இன்ஜினைச் சூடாக்கி வைத்துக் காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து சத்தத்தைக் கேளுங்கள். சர்வீஸ் பில் எல்லாம் டேஷ்போர்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
வெறும் போலோக்காரன், கோரிமேடு