குமரகுருபரர் பாடற்கல் மண்டபம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

புலவர் குமரகுருபரரின் பாடல்களைக் கல்லில் வெட்டி நம் மண்டபச் சுவரில் பதிக்கும் பணி நிறைவுற்றது. கலைமகளைப் பாடும் சகலகலாவல்லி மாலைக்குப் பாட்டுக்கு ஒன்றாகப் 10 கற்கள், முருகனைப் பாடும் கந்தர் கலிவெண்பாவுக்கு 10, மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழின் ‘தொடுக்குங் கடவுட் பழம்பாடல்’ ஒன்று, வரலாற்றுக் கல் ஒன்று என 22 கற்களும் சுவரில் ஏறிவிட்டன. தரை, மேற்கூரை ஒழுகல், மின்விளக்கு, குடிநீர்க் குழாய், வெள்ளையடிப்பு ஆகியவை குறித்த செலவில் முடிந்தன.

திட்டமிட்ட தொகை ரூ. 7,80,000. செலவு ரூ. 8,91,400. கூடுதலான ரூ. 1,11,400 எங்கே போயிற்று என்று பலர் கேட்டுவிட்டீர்கள். கேட்பது உங்கள் உரிமை. கல்லைச் சுவரோடு பிடிக்கும் கவ்விகளுக்கு 27,300, எழுத்துக் கணக்கில் 45,500, பிழையான கற்களின் மறுவெட்டுக்கு 38,600. ஒவ்வொன்றையும் விளக்கிவிடுகிறோம்.

கவ்விச் செலவு எளிது. 4 அடிக்கு 2 அடி, 25 மில்லிமீட்டர் கனமுள்ள கருங்கல் பலகை ஒன்று சுமார் 50 கிலோ. கலிவெண்பாவுக்கான 6 அடிக்கு 4 அடிப் பலகை 150 கிலோ. முதல் மதிப்பீட்டில் சிமெண்டுக் கலவை மட்டும்தான் இருந்தது. மெருகிட்ட கல்லின் பின்புறம் கலவையைச் சரியாகப் பிடிக்காது. ஈரம் ஏறி இறங்கினால் சில ஆண்டுகளில் பிடி விட்டுவிடும். பிள்ளைகள் கீழே உட்கார்ந்து படிக்கும் இடம் அது. பெரிய கல்லுக்கு ஆறு, சிறியதற்கு நான்கு என்று துருப்பிடிக்காத எஃகுக் கவ்விகள் போட்டோம். இந்தச் செலவுக்கு நாங்கள் வருந்தவில்லை.

எழுத்துக் கணக்குதான் நான்கு மாத வேலையை ஒன்பது மாதமாக்கியது. கல்வெட்டும் கூலி ‘எழுத்து ஒன்றுக்கு இவ்வளவு’ என்பது தொழில் வழக்கம். ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதினோம். எது எழுத்து என்று எழுதவில்லை. அது குழுவின் பிழை, ஒப்புக்கொள்கிறோம்.

சகலகலாவல்லி மாலையின் முதல் பாட்டின் முதலடியை எடுத்துக்கொள்ளுங்கள்:

வெண்டா மரைக்கன்றி நின்பதந் தாங்கவென் வெள்ளையுள்ளத்

யாப்புக் கணக்கில், ஒற்று, அதாவது புள்ளி வைத்த மெய், நீக்கி எண்ணினால், இதில் 16 எழுத்து. ஒற்றையும் சேர்த்து நாம் பள்ளியில் எண்ணுகிறபடி எண்ணினால் 26. ஒப்பந்தக்காரர் தம் பட்டியலில் போட்டது 46. ஏமாற்று என்று சிலர் கொதித்தார்கள். ஏமாற்று அல்ல. கணினி நிரல் எண்ணிக் கொடுத்ததை அவர் அப்படியே எழுதியிருந்தார். கணினிக்கு ‘வெ’ என்பது வகரம் ஒன்று, கொம்பு ஒன்று என இரண்டு. ‘ண்’ என்பது ணகரம் ஒன்று, புள்ளி ஒன்று. இந்த அடியில் ம, க, ப, த, க, ள என்ற ஆறு மட்டுமே தனியாக நிற்கும் அகர உயிர்மெய். மற்ற இருபதும் இரண்டிரண்டாகிவிட்டன. ஆக 46.

உயிர்மெய் ஓரெழுத்து, புள்ளியோடு கூடிய மெய்யும் ஓரெழுத்து என்று நாங்கள் நின்றோம். தமிழ் இலக்கணம் அப்படித்தான் சொல்கிறது. கல்லில் ஏறுவதும் தமிழ்தான். ஆனால் சிற்பிகள் சொன்ன ஒன்றில் நியாயம் இருந்தது. ‘கொ’ ஓரெழுத்தானாலும் உளிக்கு மூன்று உருவம்: கொம்பு, ககரம், கால். ‘ப’ வெட்டும் நேரத்தில் ‘கொ’ முடியாது. ஆகவே ஒகர, ஓகார உயிர்மெய்களுக்கு மட்டும் ஒன்றரை எழுத்துக் கூலி என்று முடிவாயிற்று. முன்னரே கொடுத்த முன்பணத்தில் கூடுதலாகப் போன ஒரு பகுதியைத் திரும்பப் பெற இயலவில்லை. இரண்டும் சேர்ந்துதான் 45,500. வழக்குக்குப் போயிருக்கலாம் என்கிற உறுப்பினர்களுக்கு: போயிருந்தால் கற்கள் இன்றும் பட்டறையில்தான் கிடந்திருக்கும்.

மறுவெட்டு இதைவிட மனத்தை வருத்தியது. சகலகலாவல்லி மாலையின் 1, 5, 10ஆம் பாட்டுக் கற்கள் வெட்டி முடிந்தபின் ஒதுக்கப்பட்டன. ‘ஒரு எழுத்துக்காகவா ஒரு கல்லை வீணாக்குவது?’ என்று எழுத்து மூலமாகவே கேட்டவர்கள் உண்டு. ஆம், ஒரு எழுத்துக்காகத்தான்.

இந்த மாலை, எழுத்தெண்ணிப் பாடும் நாலடிப் பாவகையான கட்டளைக் கலித்துறையால் ஆனது. ‘வெண்’ போன்ற நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீங்கலாக 16 எழுத்து, ‘அளிக்’ போன்ற நிரையசையில் தொடங்கினால் 17. பத்துப் பாட்டில் ‘அளிக்குஞ் செழுந்தமிழ்’ என்ற மூன்றாம் பாட்டு மட்டுமே நிரையில் தொடங்குவது. மற்ற ஒன்பது பாட்டுக்குத் தலா அறுபத்து நான்கு, அதற்கு அறுபத்தெட்டு, மொத்தம் 644. இந்த எண் பிசகினால் எங்கோ தவறு என்று பொருள். ஏட்டில் சொற்களுக்கிடையே இடைவெளி விடாமல், பெரும்பாலும் புள்ளியும் இடாமல், எ, ஏ வேறுபாடும் காட்டாமல் எழுதிய காலத்தில் குமரகுருபரர் பாடினார். எழுதுகிறவர் கை தவறினாலும் பாட்டு தவறாதபடி காத்தது இப்படிப்பட்ட எண்ணிக்கையும் எதுகையும்தான்.

முதல் பாட்டின் இரண்டாம் அடி ‘சக மேழுமளித்’ என்று முடிய, மூன்றாமடி ‘துண்டா னுறங்க’ என்று தொடங்க வேண்டும். பட்டறையில் நாங்கள் கொடுத்த படியை விட்டு, இணையத்தில் கிடைத்த சந்தி பிரித்த படியை எடுத்துவிட்டார்கள். கல்லில் ‘அளித்து’ என்று மேலே முடிந்து, ‘உண்டான்’ என்று கீழே தொடங்கியது. பொருள் மாறவில்லைதான். ஆனால் இரண்டாமடி 17 ஆகிவிட்டது. வெண்டா, தண்டா, துண்டா, கண்டா என்று நான்கடியிலும் மெய்யெழுத்தில் தொடங்கிவந்த ஓட்டம் மூன்றாமடியில் அறுந்தது. ஐந்தாம் பாட்டில் ‘கமலத் / தஞ்சத் துவசம்’ என்ற இடத்திலும் இதே பிழை. பத்தாம் பாட்டில் ‘பண்கண்ட ளவிற்’ என்பதை யாரோ திருத்துவதாக எண்ணிப் ‘பண்கண்ட அளவில்’ ஆக்கியிருந்தார்கள். அங்கும் ஓரெழுத்து கூடுதல்.

மெருகிட்ட கல்லில் வெட்டிய எழுத்தை அழிக்க வழியில்லை. நாங்கள் வெட்டச் சொன்னது 3 மில்லிமீட்டர் ஆழம். அதை மூடப் பிசினும் கல்தூளும் வைத்தால் வெயிலில் நிறம் வேறாகத் தெரியும். முகம் முழுவதையும் இழைத்தால் கனம் குறைந்து மற்றக் கற்களோடு ஒட்டாது. கல் விலையை ஒப்பந்தக்காரர் ஏற்றார், வெட்டுக் கூலியையும் ஏற்றி இறக்கும் செலவையும் நாம் ஏற்றோம். சிறிய தாளில் அச்சிட்டு வந்த மாதிரிப் படியில் எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது குழு என்பதால் அதற்கு உடன்பட்டோம். அதன்பிறகு ஒவ்வொரு கல்லுக்கும் முழு அளவுத் தாள் அச்சிட்டு, ஒருவர் வாசிக்க மற்றொருவர் விரல்விட்டு எண்ணி, அடிமுடிவில் எண்ணைக் குறித்த பிறகே உளி வைக்கவிட்டோம். கலிவெண்பாக் கற்களில் ஒரு மறுவெட்டும் இல்லை.

கலிவெண்பா 122 கண்ணி, அதாவது ஈரடிப் பகுதிகள்; இரண்டு சுவர்களில் சுவருக்கு 61. ஒவ்வொரு சுவரிலும் நான்கு கல்லில் பன்னிரண்டும் ஒரு கல்லில் பதின்மூன்றுமாகப் பிரித்தோம். கண்ணியின் முதலடி முடிவில் தனித்து நிற்கும் தனிச்சொல்லுக்கு முன்னுள்ள சிறு கோட்டைச் சிற்பிகள் அச்சுப்பிழை என்று விட்டுவிடப் பார்த்தார்கள், தடுத்தோம்.

உளிக்குப் பதிலாகக் காற்றழுத்தத்தால் மணல் பீச்சி வெட்டினால் பாதிச் செலவில் முடிந்திருக்குமே என்ற கேள்விக்கு: எங்கள் எழுத்தின் உயரம் ஓர் அங்குலம். அந்த அளவில் ஒட்டுத்தாள் வைத்துப் பீச்சும்போது ண, ன சுழிக்குள் நிற்கும் சிறு துண்டு பெயர்ந்து, சுழி குழியாகிவிடும். சோதனைத் துண்டில் ‘கண்கண்ட’ என்பது படிக்க முடியாமல் போனதை நேரில் பார்த்தோம். எழுத்துகளுக்குப் பொன்வண்ணம் வேண்டாம் என்றதும் இதைப் போன்றதே. அது கறுத்துப்போகும், வெள்ளை நிற்கும்.

‘படிக்க முடியவில்லை, பிரித்துப் போட்டிருக்கலாம்’ என்பது அடுத்த குறை. கல் பாடலுக்கு உரியது, பாடல் பாடினபடியே அதில் நிற்க வேண்டும். பிரித்த வடிவம் ஒவ்வொரு கல்லுக்கும் கீழே அலுமினியத் தகட்டில் உள்ளது. எழுத்துருவில் மட்டும் பழமை பார்க்கவில்லை. முதல் பாட்டின் ‘வெள்ளை’யில் வரும் ளை, எட்டாம் பாட்டின் ‘நளினாசன’த்தில் வரும் னா இரண்டும் 1978 சீர்திருத்த வடிவில்தான் உள்ளன. பிள்ளைகள் படிக்கத்தானே கல்.

இரண்டாம் பாட்டில் தேவியின் மார்பைக் குறிக்கும் ‘கனதனக் குன்று’ என்ற சொற்களை நீக்கச் சொன்ன கடிதமும் வந்தது. நீக்கவில்லை. கலைமகளைத் தாயாகப் பாடிய மரபில் அது வணக்கத்தின் சொல்.

வரலாற்றுக் கல்லில் பிறந்த ஆண்டு ஏன் இல்லை என்று கேட்கிறார்கள். அது உறுதியாகத் தெரியவில்லை. ஆகவே ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர், தருமபுரம் ஆதீனத்து மாசிலாமணி தேசிகரிடம் ஞானோபதேசம் பெற்றவர், 17ஆம் நூற்றாண்டினர் என்று பொறித்தோம். திருமலை நாயக்கர் முன்னிலையில் பிள்ளைத்தமிழ் அரங்கேறியது; நாயக்கர் ஆட்சி 1623 முதல் 1659 வரை. ஐந்து வயதுவரை பேசாதிருந்து திருச்செந்தூரில் பேசியது, அரங்கேற்றத்தில் அன்னை மீனாட்சி சிறுமியாக வந்து முத்துமாலை அணிவித்தது, காசியில் சிங்கத்தின் மேல் ஏறிச் சென்றது ஆகியவை ‘வழிவழியாகச் சொல்லப்படுவன’ என்ற சொல்லோடு உள்ளன. நம்பிக்கையைக் குறைத்தோம் என்று யாரும் வருந்த வேண்டாம்; அவை கல்லில்தான் இருக்கின்றன.

சகலகலாவல்லி மாலையின் பத்துப் பாட்டும் அவர் காலத்துப் புலவர் வாழ்வைக் காட்டுவதாலேயே அவற்றுக்கு முதலிடம் கொடுத்தோம். எட்டாம் பாட்டில் ‘அவதானமுங் கவிசொல்லவல்ல நல்வித்தையும்’ கேட்கிறார். சபையில் நினைவாற்றலும் உடனே பாடும் திறமும் காட்டினால்தான் புலவர் என்று ஏற்ற காலம் அது. பத்தாம் பாட்டில் மன்னரும் என் பாட்டைக் கண்டவுடன் பணிய வேண்டும் என்கிறார். வேற்றுமொழி அரசவையில் பேசுவதற்காகப் பாடியது இம்மாலை என்பது மரபு. அந்தச் சபைக்குப் போகிறவர் பொன்னைக் கேட்கவில்லை, சொல்லைக் கேட்டார்.

கொடையாளர் பெயர்கள் ரசீது எண்ணோடு மண்டபப் பலகையில் உள்ளன. பாட்டுக்கு ஒருவராகப் பத்துக் கல் ஏற்ற குடும்பங்கள். ஆளுக்கு ஒரு கண்ணியாக 31 கண்ணி எடுத்த முன்னாள் மாணவர்கள். ஓய்வூதியத்திலிருந்து மாதந்தோறும் அனுப்பிய தமிழாசிரியர் அறுவர். அலுமினியத் தகடு முழுவதும் தந்த அச்சகத்தார். கவ்விகளை அடக்க விலைக்குக் கொடுத்த இரும்புக் கடைக்காரர். பாரந்தூக்கியை இரண்டு நாள் வாடகையின்றி விட்ட லாரி உரிமையாளர். வேலை நடந்த நாளெல்லாம் மோர் கொடுத்த எதிர்வீட்டு அம்மா. பூக்கட்டிச் சேர்த்த பணத்தைச் சில்லறையாகவே கொண்டுவந்த பெண்கள். ‘தொடுக்குங் கடவுட் பழம்பாடல்’ கல் அந்தப் பெண்களுடையது. அவர்களே கேட்டு வாங்கினார்கள்.

வரவு ரூ. 9,04,250. கையிருப்பு ரூ. 12,850. அது எழுத்துகளுக்கு மறுவண்ணம் தீட்ட வங்கியில் கிடக்கிறது. கற்களை ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள். அமிலம் கலந்த தரைத் திரவம் படக்கூடாது. வண்ணம் முதலில் போகும், மெருகு பிறகு போகும். எண்ணெய் விளக்கைக் கல்லுக்கு அடியில் வைக்காதீர்கள். ஒதுக்கிய மூன்று கற்களும் மண்டபத்தின் பின்புறம் சாய்த்து வைக்கப்பட்டுள்ளன. ஐயமுள்ளவர்கள் வந்து அடியடியாக எண்ணிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்