முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் வந்த மூட்டுவலிக் கட்டுரையில், இரவில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்தால் இதமாக இருக்கும் என்று ஒரு யோசனை இருந்தது. இதமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் வாரக்கணக்கில் அப்படிப் படுப்பவர்களுக்குக் காலை முழுதாக நீட்ட வராமல் போய்விடலாம். கட்டுரையோடு வந்த படம் முழங்காலைக் கதவுக் கீலாகக் காட்டியிருந்தது. கீல் என்று நினைத்தால் இந்த ஆபத்து கண்ணில் படாது.

தொடை எலும்பின் அடியில் இரண்டு உருண்டைகள் உண்டு. ஏறக்குறையத் தட்டையான கீழ்க்கால் எலும்பின் மேல் இவை உருளவும் செய்கின்றன, வழுக்கவும் செய்கின்றன. இரண்டும் ஒரே அளவில்லை; உள்பக்க உருண்டையின் மேற்பரப்பு நீளம். ஆகவே காலை நீட்டும்போது வெளிப்பக்கத்தின் நகர்வு முடிந்த பிறகும் உள்பக்கத்துக்குக் கொஞ்சம் தூரம் மிச்சமிருக்கும். அதனால் கடைசி 20, 30 டிகிரியில் கீழ்க்கால் எலும்பு சுமார் 10 டிகிரி வெளிப்புறமாகத் திரும்புகிறது. பாதம் தரையில் ஊன்றியிருந்தால் தொடை எலும்பு உள்புறமாகத் திரும்பும், விளைவு ஒன்றுதான். இந்தத் திருகலில் தசைநார்கள் இறுகி, மூட்டு பூட்டிக்கொள்கிறது. மறுபடி மடக்க வேண்டுமானால், முழங்காலின் பின்புறத்தில் இருக்கும் பாப்லிடியஸ் என்ற சின்னத் தசை முதலில் திருகலை அவிழ்க்க வேண்டும்.

பூட்டிய காலில் நிற்கும்போது உடல் எடை மூட்டின் அச்சுக்குச் சற்று முன்னால் விழும். தொடையின் முன்தசைக்கு அப்போது வேலை மிகக் குறைவு. நேராக, தளர்வாக நின்றுகொண்டு முழங்கால் சில்லை விரல்களால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், அசையும். கொஞ்சம் மடக்கி நின்றால் சட்டென்று இறுகிவிடும். 15 டிகிரி நீள மறுக்கும் காலோடு ரேஷன் கடை வரிசையில் நிற்பவருக்கு அந்தத் தசை ஒரு நிமிடமும் ஓய்வதில்லை. அது இழுக்க இழுக்கச் சில்லு தொடை எலும்பின் மேல் அழுந்துகிறது, வலி கூடுகிறது. அந்தக் கால் குட்டையாகிவிடுவதால் நடையும் சாய்கிறது.

தலையணை ஏன் இதம் தருகிறது? மூட்டைச் சுற்றியுள்ள உறைக்குள் அதிக இடம் கிடைப்பது சுமார் 30 டிகிரி மடங்கிய நிலையில். நீர் கோத்த மூட்டு தானாகவே அந்த நிலையைத் தேடும். அங்கேயே விட்டுவைத்தால் உறையின் பின்பகுதியும் தொடையின் பின்தசைகளும் சுருங்கும். போதாததற்கு, கொஞ்சம் நீர் கோத்தாலே நரம்பு வழியாகத் தடை விழுந்து முன்தசை, குறிப்பாக அதன் உள்பக்கம், சோர்ந்து மெலியும். நீட்ட வேண்டிய தசையும் இல்லை, நீளும் உறையும் இல்லை என்றாகிவிடுகிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். தரையில் மல்லாந்து, விரல்கள் கூரையை நோக்க, இரு கால்களையும் நீட்டுங்கள். முழங்காலின் பின்புறத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் அதிகமாக இருந்தால், துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து முழங்காலைத் தொங்கவிடுங்கள். 10 நிமிடம், நாளுக்கு மூன்று வேளை போதும். பிறகு தொடையை இறுக்கி முழங்காலைக் கீழே அழுத்தி 5 நொடி நிறுத்துங்கள்; ஒரு வேளைக்கு 10 முறை. சில்லு மேல்நோக்கி நகர்ந்தால் சரியான தசைதான் இயங்குகிறது. பலரும் மூச்சை அடக்கி, பிட்டத்தைத் தூக்கி, பாதத்தை வெளியே சாய்த்துவிட்டுத் தொடை வேலை செய்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். காலை நேராகத் தூக்கும் பயிற்சிக்கு அவசரப்பட வேண்டாம். தூக்கும்போது முழங்கால் தளர்ந்து மடங்கினால் இன்னும் அதற்குத் தயாரில்லை.

வீக்கம் வடியக் காலை உயர்த்த வேண்டுமானால், கெண்டைக்காலிலிருந்து குதிகால் வரை தாங்கும்படி தலையணையை நீளவாக்கில் வையுங்கள். ஒருக்களித்துப் படுப்பவர்கள் இரண்டு கால்களுக்கும் நடுவே வைத்துக்கொள்வதில் தவறில்லை.

கால் திருகி விழுந்த பிறகு முழங்கால் பாதியில் மாட்டிக்கொண்டு நீளவில்லையென்றால், மெனிஸ்கஸ் எனப்படும் பிறை வடிவ ஜவ்வு கிழிந்து இடையில் சிக்கியிருக்கலாம். அதை எண்ணெய் தேய்த்து இழுத்து நீட்டக் கூடாது. அடிபட்ட சில மணி நேரத்திலேயே மூட்டு பெரிதாக வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்க வாய்ப்பு அதிகம், தசைநார் அறுந்திருக்கலாம். மூட்டு சுட்டு, சிவந்து, காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் அவரவர் மருத்துவர் சொல்லும் வரிசைப்படியே செய்யட்டும்.

நடக்க 60, 65 டிகிரி மடங்கினால் போதும். குத்துக்காலிட்டு உட்கார 130-க்கு மேல் வேண்டும். மடங்குவதை எல்லோரும் அக்கறையாக அளக்கிறார்கள். நீள்வதையும் அளக்கச் சொல்லி, தலையணை யோசனையைத் திருத்தி அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்ட் ஒருவர்,
மதுரை.