பில்லை முதலில் ஜெராக்ஸ் எடு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வாக்கர் பிடித்து வாசல் வரைக்கும் நடக்கிறார்கள் என்பதைப் படித்தபோது அப்படி ஒரு நிம்மதி. அப்புறம் அந்த பிரிட்ஜ் விஷயம். ஆடித் தள்ளுபடியில் வாங்கியதற்கு மூவாயிரம் ரூபாய் கேஷ்பேக், தொண்ணூறு நாளில் அக்கவுண்டுக்கு வந்துவிடும் என்றார்கள், கார்த்திகை தீபமே முடிந்துவிட்டது, கடைக்காரர் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார், கம்பெனி கடையைக் கேளுங்கள் என்கிறது என்று எழுதிவிட்டு, கடைசியில் "உங்க அமெரிக்காவில் இதெல்லாம் ஒழுங்காக நடக்கும், இல்லையா?" என்று கேட்டிருக்கிறாய். இல்லடி. இந்த வித்தை இங்கே பல வருஷமாக நடந்து பழகியது. நான் பட்டதைச் சொல்கிறேன், உனக்கு உதவும்.

நாங்கள் இந்தக் கொலம்பஸ் நகரத்தில் வந்து இறங்கியது 2004இல். அவருக்கு மட்டும்தான் சம்பளம், எனக்கு இருந்த விசாவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு ஒரு கட்டு விளம்பரத் தாள் வரும், அதை விரித்து வைத்துக்கொண்டு எங்கே எது மலிவு என்று பார்ப்பதுதான் எனக்குப் பெரிய வேலை. அதில் ஒரு பிரிண்டர், 29.99 டாலர் என்று கட்டை எழுத்தில் போட்டிருந்தது. கடைக்குப் போய் கவுண்டரில் நின்றால் 79.99 கேட்கிறார்கள், வரியும் அந்த 79.99க்குத்தான். மீதி ஐம்பது டாலர் தபாலில் திரும்பி வருமாம். அதற்கு மெயில்-இன் ரிபேட் என்று பெயர். விளம்பரத்தில் அதுவும் எழுதித்தான் இருந்தது, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில்.

அந்த ஐம்பது டாலர் எங்களுக்கு ஒரு வாரத்து மளிகை. அதனால் ஒவ்வொரு வரியாகப் படித்துப் படித்துச் செய்தேன். பெட்டியில் இருக்கும் பார்கோடையே வெட்டி அனுப்ப வேண்டும், நகல் செல்லாது. தடிமனான அட்டை, காய் நறுக்கும் கத்தியை வைத்து அறுத்ததில் கட்டைவிரலில் கோடு விழுந்தது. பார்கோடை வெட்டிவிட்டால் அந்தப் பொருளைக் கடையில் திருப்பிக் கொடுக்கவும் முடியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. நூலகத்தில் பத்து சென்ட் போட்டு பில்லை நகல் எடுத்தேன், நல்லவேளையாகப் பார்கோடையும் சேர்த்து எடுத்தேன். படிவத்தில் பெயர், முகவரி, கடை, தேதி எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக நிரப்பி, 37 சென்ட் ஸ்டாம்ப் ஒட்டி, முப்பது நாளுக்குள் தபால் முத்திரை விழ வேண்டும் என்றிருந்ததை நாலாம் நாளே அனுப்பிவிட்டேன். எட்டு முதல் பத்து வாரம் காத்திருக்கச் சொன்னார்கள்.

பதினோராவது வாரம் ஒரு கார்டு வந்தது. பார்கோடு இணைக்கப்படவில்லை, ஆகவே நிராகரிக்கப்பட்டது என்று. என் கையால் டேப் போட்டு ஒட்டி அனுப்பியது! கடைக்குப் போய்க் கேட்டேன், அது தயாரிப்பாளர் கொடுக்கிற சலுகை, எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்றார்கள். தயாரிப்பாளரைக் கூப்பிட்டால், ரிபேட்டைப் பார்ப்பது வேறு ஒரு நிறுவனம் என்றார்கள். அந்த வேறு நிறுவனத்துக்கோ ஒரு போஸ்ட் பாக்ஸ் எண்ணும், முக்கால் மணி நேரம் பாட்டுப் போடுகிற ஒரு போன் எண்ணும்தான் உண்டு. நீ கடைக்கும் கம்பெனிக்கும் நடுவில் அல்லாடுவதாக எழுதியதைப் படித்தபோது, அந்தப் போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றது அப்படியே ஞாபகம் வந்தது.

நகல்களை வைத்து மறுபடி எழுதினேன். ஐந்து மாதம் கழித்து செக் வந்தது, அதுவும் கவரில் இல்லை, விளம்பர அட்டை மாதிரி ஒரு மெல்லிசான தபால் கார்டாக. அவர் அதைக் கடை விளம்பரம் என்று நினைத்து மற்றதோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டார். சாயங்காலம் டீத்தூள் கொட்டப் போனபோது என் பெயர் அச்சடித்திருந்தது கண்ணில் பட்டதால் தப்பித்தது. தொண்ணூறு நாளுக்குள் வங்கியில் போடாவிட்டால் செல்லாது என்று மூலையில் இருந்தது. மறுநாள் காலையில் முதல் வேலையாக வங்கிக்குப் போனேன், ஈரம் காய்ந்த கறையோடு நீட்டினேன், வாங்கிக்கொண்டார்கள்.

வேலை இல்லாமல் நாள் முழுக்க வீட்டில் இருந்த, ஒவ்வொரு எழுத்தையும் படித்த எனக்கே இத்தனை பாடு. இரண்டு வேலை பார்க்கிறவள், கைக்குழந்தை வைத்திருக்கிறவள், ஆங்கிலம் சரியாக வராத வயதானவர், இவர்களெல்லாம் என்ன செய்வார்கள்? அவர்கள் விட்டுவிடுவார்கள். அதை எதிர்பார்த்துத்தான் கணக்கே போடுகிறார்கள். இந்தத் தொழிலில் அதற்கு வார்த்தையே இருக்கிறது. விண்ணப்பிக்காமல் விடுகிறவர்களின் பங்கு பிரேக்கேஜ், செக் வந்தும் மாற்றாமல் விடுவது ஸ்லிப்பேஜ். எல்லோரும் திருப்பிக் கேட்டால் அந்த விலைக்கு விற்கவே கட்டாது. ரிபேட் கவர்களைப் பிரித்துப் பார்ப்பதையே தொழிலாக வைத்து நிறுவனங்கள் வளர்ந்தன, மினசோட்டாவில் யங் அமெரிக்கா என்று ஒரு சின்ன ஊர், அதே பெயரில் இருந்த ஒரு நிறுவனத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் இந்தக் கவர்கள் போய்ச் சேர்ந்தன.

கேட்பாரே இல்லை என்றும் சொல்ல முடியாது. எஃப்டிசி என்று மத்திய வணிக ஆணையம் இருக்கிறது. 2005இல் காம்ப்யுஎஸ்ஏ என்ற கம்ப்யூட்டர் கடைச் சங்கிலிமேல் அது நடவடிக்கை எடுத்தது. க்யூபிஎஸ் என்கிற தயாரிப்பாளர் பதினைந்து டாலரிலிருந்து நூறு டாலர் வரை ரிபேட் தருவதாகச் சொல்லிவிட்டு மாதக்கணக்கில் இழுத்தடித்தது, பலருக்குக் கொடுக்கவே இல்லை, அது தெரிந்த பிறகும் கடை அந்த ரிபேட்டை விளம்பரம் செய்துகொண்டே இருந்தது என்பது குற்றச்சாட்டு. கடைசியில் கடையே பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது. "தயாரிப்பாளரைக் கேள்" என்று சொல்லி விளம்பரம் போட்ட கடை கையைக் கழுவ முடியாது என்று ஒருவராவது சொன்னார்களே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதே வருஷம் பெஸ்ட் பை என்ற எலக்ட்ரானிக்ஸ் கடைச் சங்கிலியும் இரண்டு வருஷத்துக்குள் தபால் ரிபேட்டை நிறுத்திவிடுவதாக அறிவித்தது. முழுசாக ஒழியவில்லை. மெனார்ட்ஸ் என்ற வீட்டுச் சாமான் கடையில் இன்றைக்கும் 11 சதவீத ரிபேட் உண்டு, அது கூடப் பணமாக வராது, அதே கடையில் மறுபடி செலவழிக்கிற சீட்டாகத்தான் வரும்.

சரி, ரிபேட் பழைய கதை. பிரைஸ் மேட்ச், அதாவது வேறு கடையின் குறைந்த விலைக்கே நாங்களும் தருகிறோம் என்கிற உத்தரவாதம், போன மாதக் கதை.

வாஷிங் மெஷின் நவம்பரில் நின்றுவிட்டது. வழக்கமாகப் போகிற கடையில் ஒன்று பார்த்தோம், பக்கத்துக் கடையில் அதே மெஷின் தொண்ணூறு டாலர் குறைவு. இந்தக் கடையின் வாசலிலேயே ஆள் உயரத்துக்குப் பலகை, வேறு எங்கே மலிவாகப் பார்த்தாலும் அதே விலைக்குத் தருகிறோம் என்று. இவர்கள் டெலிவரியும் நன்றாகச் செய்வார்கள் என்பதால் விலையைச் சொல்லி இங்கேயே வாங்கலாம் என்று போனேன். போனில் காட்டினேன். அந்தப் பையன் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, மாடல் எண்ணின் கடைசி எழுத்து வேறு, அதனால் இது அதே பொருள் இல்லை என்றான். என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்து நானும் அவனும் தேடினோம், அதே டிரம், அதே அளவு, அதே சுற்றுகள், கதவு பிடிகூட ஒன்றுதான். மானேஜர் வந்தார். மாடல் எண் பொருந்தினாலும் அந்தக் கடையில் இன்று ஸ்டாக் இருக்க வேண்டும், அவர்களே விற்க வேண்டும், அவர்கள் தளத்தில் வேறு யாராவது விற்றால் செல்லாது, கிளியரன்ஸ் விலை செல்லாது, தாங்க்ஸ்கிவிங் பண்டிகை வாரத்தில் எதுவுமே செல்லாது என்று ஒன்றொன்றாகச் சொன்னார். ஆள் மரியாதையானவர்தான், ஆனால் பலகையில் இதில் ஒரு வார்த்தை இல்லை. மெத்தை வாங்கப் போனால் இன்னும் மோசம், ஒரே மெத்தைக்கு ஒவ்வொரு கடைச் சங்கிலியிலும் ஒவ்வொரு பெயர் வைத்திருப்பார்கள், எதை எதோடு ஒப்பிடுவது?

அப்போது எனக்கு உங்க அப்பா ஞாபகம் வந்துவிட்டது. பாளையங்கோட்டை ஹாஸ்டலில் இருந்தபோது உங்கள் பாத்திரக் கடைக்கு நான் வந்த அன்றைக்கு ஒரு அம்மா குடம் வாங்க வந்து, எதிர்க்கடையில் நாற்பது ரூபாய் குறைச்சு சொல்றான் அண்ணாச்சி என்றார்களே. உங்க அப்பா கோபப்படவில்லை. அதைக் கொஞ்சம் வாங்கிட்டு வாங்க தாயி, பார்ப்போம் என்று பையனைக் கூட அனுப்பி எதிர்க்கடைக் குடத்தைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டையும் அந்த அம்மா கண் முன்னால் தராசில் வைத்தார். எதிர்க்கடைக் குடம் கனம் குறைச்சல். முள் எங்கே நிற்கிறது என்று அவர்களையே பார்க்கச் சொல்லிவிட்டு, பிரியம் எதுவோ அதை எடுத்துக்கோங்க என்றார். வித்தியாசம் இருந்தது, அதைக் கையில் தூக்கிப் பார்க்க முடிந்தது. இங்கே எனக்குக் காட்டியது மாடல் எண்ணின் ஒரு எழுத்தைத்தான்.

இன்னொன்றும் உண்டு, அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துகிறது. ஸ்டீவன் சாலப் என்ற பொருளாதார அறிஞர் 1986இலேயே எழுதியிருக்கிறார், இந்த உத்தரவாதம் விலையைக் குறைப்பதற்குப் பதிலாக ஏற்றியே வைத்திருக்கவும் உதவும் என்று. யோசித்துப் பார். நீ ஒரு ரூபாய் குறைத்தால் அந்த நிமிஷமே நானும் குறைப்பேன் என்று எதிர்க்கடைக்காரன் பலகை வைத்துவிட்டால், நீ குறைத்து என்ன லாபம்? அவனுடைய வாடிக்கை உன்னிடம் வரப்போவதில்லை. ஆக நீயும் குறைக்க மாட்டாய், அவனும் குறைக்க மாட்டான். நாம் என்னவோ பலகை நமக்காக வைத்தது என்று நினைக்கிறோம், அதை முதலில் படிப்பது எதிர்க்கடைக்காரன். அலைந்து பார்த்து, போனில் படம் காட்டி, மானேஜரோடு வாதாடுகிற நாலு பேருக்குக் குறைந்த விலை, மற்றவர்களுக்கெல்லாம் எழுதி வைத்த விலை.

2007இல் கனெக்டிகட் மாநில அட்டர்னி ஜெனரலாக, அதாவது அரசின் தலைமை வக்கீலாக இருந்த ரிச்சர்ட் புளூமென்தால் பெஸ்ட் பைமேல் ஒரு வழக்குப் போட்டார். வீட்டில் இணையத்தில் ஒரு விலையைப் பார்த்துவிட்டு கடைக்குப் போனால், கடைக்குள் இருக்கும் திரையில் அதே தளம் மாதிரி ஒரு பக்கம் வரும், விலை மட்டும் கூட இருக்கும், அது கடைக்குள் மட்டும் ஓடுகிற வேறு தளம் என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரியாது என்பது புகார். கண்ணால் பார்த்த விலையையே நீ தப்பாகப் பார்த்திருப்பாய் என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்! இப்போது 2025 ஜூலை கடைசியில் டார்கெட் என்ற கடைச் சங்கிலி, அமேசான் விலைக்கும் வால்மார்ட் விலைக்கும் இனிமேல் ஈடு கொடுப்பதில்லை என்று நிறுத்திவிட்டது. பலருக்கு வருத்தம். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை, கிடையாது என்றால் கிடையாது என்று தெரிந்துகொண்டு போகலாம்.

மெஷினை மலிவாக இருந்த கடையிலேயே வாங்கிக்கொண்டோம். டெலிவரி ஆறு நாள் தாமதம், அதுவரை லாண்ட்ரி கடைக்கு மூட்டை சுமந்தோம், பரவாயில்லை.

இப்போது உன் பிரிட்ஜுக்கு வா. மூவாயிரம்தானே, போகட்டும் என்று விட்டுவிடாதே, தயவுசெய்து. கடை கொடுத்த அந்த ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் வீட்டில் இருக்கிறதா என்று தேடு. அதில் கேஷ்பேக் என்று போட்டிருந்தால் அது பெரிய ஆதாரம். யாரோடு, எந்தத் தேதியில், என்ன பேசினாய் என்று ஒரு நோட்டில் எழுது. போனில் பேசியது போதாது, கடைக்கும் கம்பெனிக்கும் ஒரே கடிதத்தில் இரண்டு பெயரையும் போட்டு எழுது, அப்போதுதான் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட முடியாது. அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதிலும் முடியாவிட்டால் திருநெல்வேலியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம், வாங்கிய பொருளின் மதிப்பு ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நீயே போய்ப் பேசலாம், நீ பேசுவாய்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் பில்லை எடுத்துப் பார். வழுவழுப்பான தாளில் அடித்தது என்றால் ஆறேழு மாதத்தில் மங்கிப் போகும், பீரோவுக்குள் வைத்தாலும் மங்கும். இன்றைக்கே ஜெராக்ஸ் எடு, போனிலும் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. கடிதத்தை நாம் சேர்ந்தே எழுதலாம், ஞாயிறு காலை உனக்கு ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறேன், அம்மாவிடமும் அப்போது பேசுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்