தரையைச் சுருட்டித் தோளில் சுமந்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

போன சனிக்கிழமை எங்கள் சியர்லீடிங் ஜிம்மில் பிள்ளைகள் மறுபடியும் முழுத் தரையில் ஆடினார்கள். 54 அடிக்கு 42 அடி, ஒன்பது பாய்களும் விரித்த தரை. இரண்டரை நிமிட ஆட்டம் முடிந்து எல்லோரும் கைதட்டியபோது நான் மட்டும் சும்மா நின்றதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். பாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2024 சூறாவளிக்கு முன்னால் எந்தப் பாய் யார் தோளில் போனது என்று எனக்கு நினைவிருக்கிறது. நேரில் சொல்ல வந்து தொண்டை அடைத்துக்கொண்டதால், சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

ஊரிலிருந்து இதைப் படிக்கும் சொந்தங்களுக்காக ஒன்று. சியர்லீடிங் என்றால் 2008-ல் ஐ.பி.எல். தொடங்கியபோது எல்லைக்கோட்டருகே ஆடியவர்கள்தான் நமக்கு நினைவுக்கு வருவார்கள். இங்கே பிள்ளைகள் பழகுவது வேறு. மேலே ஏறி நிற்கும் பெண் ஃபிளையர். கீழிருந்து அவளைத் தாங்குகிறவர்கள் பேஸ். பின்னால் நின்று, அவள் சறுக்கினால் தலையையும் தோளையும் பிடிக்கிறவள் பேக்ஸ்பாட். பல்டியும் உண்டு. அதனால்தான் தரை இவ்வளவு முக்கியம். மேலே நுரைப்பாய், அதற்குக் கீழே ஒட்டுப்பலகை, பலகைக்கு அடியில் ஸ்பிரிங். ஒரு சின்ன ஜிம்மின் மொத்தச் சொத்தும் அந்தத் தரைதான்.

முதல் நன்றி படகுத்துறைப் பெரியவருக்கு. பிள்ளைகளுக்கு அவர் கேப்டன் தாத்தா. அவருக்குத் தமிழ் தெரியாது. இதை என் கணவர் அவருக்கு வாசித்து விளக்குவார்.

2021-ல் 20 அடி நீளப் பழைய படகு ஒன்று வாங்கினோம். முதல் பயணமாக ஜிம் பிள்ளைகள் நால்வரோடு எக்மான்ட் கீ தீவுக்குப் புறப்பட்டோம். ஃபுளோரிடாவில் எங்கள் ஊரை ஒட்டிய டாம்பா விரிகுடா கடலோடு சேரும் வாயில் இருக்கும் தீவு அது. பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட் மாட்டி உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்துப் படகிலிருந்து பெரியவர் இறங்கி வந்து, "காற்று பார்த்தீர்களா?" என்று கேட்டார். என் போனை நீட்டினேன். அதில் சூரியன் படம் இருந்தது. "இது தரைக்கு. கடலுக்கு வேறு அறிக்கை" என்று சொல்லி, தேசிய வானிலை சேவையின் கடல் அறிக்கையை எடுத்து வரி வரியாக வாசித்தார். மதியத்துக்கு மேல் மேற்குக் காற்று 20 நாட், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர். எங்கள் பகுதியில் சிறு படகுகளுக்கு எச்சரிக்கை விடும் அளவு அது. அதே நேரத்தில் விரிகுடாவின் தண்ணீர் வற்றத்தில் மேற்கு நோக்கி வெளியே ஓடும். ஓடும் நீரும் எதிர்க்காற்றும் வாயில் முட்டிக்கொண்டால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும். 20 அடிப் படகு அதைத் தாங்காது.

நான் தூத்துக்குடியில் வளர்ந்தவள். துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று அப்பா செய்தித்தாளில் பார்த்துச் சொல்வார். கூண்டு ஏற்றாத நாளில் கடல் சாதுவாக இருக்கும் என்றே நினைத்து வளர்ந்துவிட்டேன். அன்று பிள்ளைகளை இறக்கினோம். இரண்டு பேர் அழுதார்கள். மாலையில் துறைக்குத் திரும்பிய படகுகளில் ஆட்கள் தலைமுதல் கால்வரை நனைந்து, முகம் வெளுத்துப்போய் இறங்கினார்கள்.

அப்புறம் பல சனிக்கிழமைகள் அவர் எங்களுக்குப் பாடம் எடுத்தார். அறிக்கையில் 2 அடி அலை என்று போட்டிருந்தால் அது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. நடுவில் அதைப்போல இரு மடங்கு அலையும் வரலாம். இரண்டு அலைகளுக்கு இடையே எத்தனை நொடி என்றும் பார்க்க வேண்டும். நொடி குறையக் குறையப் படகு அடி வாங்கும். போனில் சிக்னல் போய்விட்டாலும் படகில் இருக்கும் வி.எச்.எஃப். ரேடியோவில் வானிலை அலைவரிசை இருபத்துநாலு மணி நேரமும் பேசும். யார் யார் போகிறோம், எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதிக் கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டே கயிற்றை அவிழ்க்க வேண்டும். இன்றைக்கும் எங்கள் தாள் அவரிடம்தான் போகிறது.

2024 செப்டம்பர் கடைசி வாரம் ஹெலீன் சூறாவளி வந்தது. அது எங்களைத் தொடாமல் மேற்கே கடலோடு வடக்காகப் போகும், கரையேறுவது தூரத்தில் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். நாங்களும் கிட்டத்தட்ட நம்பிவிட்டோம். செவ்வாய் இரவு பெரியவர் போன் செய்தார். "அது மேற்கே போவதுதான் எனக்குப் பயம். தெற்கிலிருந்து அடிக்கும் காற்று தண்ணீரை விரிகுடாவுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். நாளைக்கே தரையை எடுத்துவிடுங்கள்" என்றார்.

புதன்கிழமை காலை தமிழ் நண்பர்கள் குழுவில் ஒரே ஒரு வரி போட்டேன். மாலைக்குள் முப்பது பேர். அலுவலகத்திலிருந்து நேராக, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வந்தீர்கள். ஒரு பாய் 42 அடி நீளம், 6 அடி அகலம். சுருட்டினால் பெரிய உருளை. தூக்க ஆறு பேர் வேண்டும். எப்படிப் பிடிப்பது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் பேஸ் பெண்கள் முன்னால் வந்து, முட்டியை மடக்கிக் காலால் எழும்பக் கற்றுக்கொடுத்தார்கள். கண்மணிகளா, நீங்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணியதற்குத்தான் அன்று எல்லோரும் தூக்கினோம்! பலகைகள் எழுபதுக்கு மேல். பாதியை லாரியில் ஏற்ற முடிந்தது. லாரி கொடுத்த அண்ணா டீசல் காசுகூட வாங்கவில்லை. மேட்டுப் பகுதியில் வீடு இருக்கும் அக்கா, தன் காரைத் தெருவில் விட்டுவிட்டு காரேஜைத் திறந்துவிட்டார். இரவு பதினொரு மணிக்குப் புளியோதரைப் பொட்டலங்களோடு வந்த மாமா, மாமி, அந்தப் புளியோதரையின் ருசி எனக்கு மறக்காது.

26-ஆம் தேதி இரவு, நூறு மைலுக்கு மேல் தள்ளிப் போன சூறாவளியின் தண்ணீர் விரிகுடாவில் 6 அடிக்கு மேல் ஏறியது. ஜிம்முக்குள் முழங்கால் அளவு உப்புத்தண்ணீர் நின்றது. விட்டுவந்த பலகைகள் ஊதிப் பிளந்துவிட்டன. சுவர்களை இடுப்பளவுக்கு அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் காப்பீட்டில் வெள்ளம் சேராது என்பது அப்போதுதான் தெரிந்தது. உங்களில் சிலருக்கு வீடே போயிற்று. அப்படியிருந்தும் நீங்கள் வந்து எங்கள் தரையைக் கழுவினீர்கள். இதற்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பதின்மூன்று நாளில், அக்டோபர் 9-ஆம் தேதி, மில்டன். இந்த முறை புயல் எங்களுக்குத் தெற்கே சியஸ்டா கீயில் கரையேறியதால் காற்று திரும்பி, விரிகுடாவின் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டு போனது. மழைதான் கொட்டித் தீர்த்தது. அக்காவின் காரேஜில் பாய்கள் காய்ந்தபடியே கிடந்தன.

மூடியிருந்த மாதங்களில் கட்டணத்தை நிறுத்தாமல் கட்டிய பெற்றோருக்கு நன்றி. வாரத்தில் இரண்டு மாலை தங்கள் தரையை எங்களுக்கு ஒதுக்கிய பக்கத்து ஊர் ஜிம்முக்கு நன்றி. போட்டியில் எங்களை எதிர்த்து ஆடுகிறவர்கள் அவர்கள்! ரஸ்கின் வானிலை அலுவலகத்தில் இரவெல்லாம் விழித்து அந்த அறிக்கைகளை எழுதியவர்களுக்கும் நன்றி. உங்கள் முகம் எங்களுக்குத் தெரியாது. நீங்கள் எழுதிய வரிகளை வைத்துத்தான் நாங்கள் தரையைத் தூக்கினோம்.

வருகிற ஞாயிறு எக்மான்ட் கீ போகலாம் என்றிருக்கிறோம். 2021-ல் படகிலிருந்து இறக்கிவிட்ட அந்த நான்கு பேரும் வருகிறார்கள். காலை ஆறு மணிக்குக் கேப்டன் தாத்தா அறிக்கை வாசிப்பார். காற்று 10 நாட் வேகத்துக்குள் இருந்தால் ஏழு மணிக்குக் கிளம்புகிறோம். இல்லாவிட்டால் எல்லோரும் ஜிம்முக்கு வாருங்கள், இட்லி அங்கே.

அன்புடன்,
ஜிம் நடத்தும் நாங்கள் இருவரும்
செயின்ட் பீட்டர்ஸ்பர்க், ஃபுளோரிடா